2.345ஐ ஒரு தசம இடத்துக்கு முழுமையாக்கினால் 2.3ஆ 2.4ஆ? (7ஆம் வகுப்பு கணக்கு)

மண்டபம் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். தசம எண்களை முழுமையாக்கும் பாடம் நடக்கிறது. நேற்று நோட்டில் ஒரு கணக்கு தப்பு என்று வந்திருக்கிறது, ராத்திரி பத்து மணி வரை அதையே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம், இன்னும் புரியவில்லை.

கேள்வி: பாம்பன் சாலைப் பாலத்தின் நீளம் 2.345 கி.மீ. இதை ஒரு தசம இடத் திருத்தமாக எழுதுக.

கடைசியில் 5 இருக்கிறது, அதனால் பக்கத்தில் உள்ள 4ஐ 5 ஆக்கி 2.35 என்று எழுதினாள். இப்போதும் கடைசியில் 5 இருக்கிறது, அதனால் 3ஐ 4 ஆக்கி 2.4 என்று முடித்துவிட்டாள். ஒவ்வொரு படியும் சரியாகத்தானே இருக்கிறது? நானும் தனியாகப் போட்டுப் பார்த்தேன், 2.4தான் வந்தது. ஆனால் நோட்டில் சிவப்பு மையில் 2.3 என்று மட்டும் எழுதியிருக்கிறது, காரணம் எழுதவில்லை.

இன்னொன்று. 4.96ஐ ஒரு தசம இடத்துக்கு எழுதச் சொன்னால் 4.10 என்று எழுதுகிறாள். அது தப்பு என்று எனக்குத் தெரிகிறது, ஆனால் "9க்கு அடுத்தது 10தானே" என்று அவள் கேட்டால் என்ன சொல்வது என்று தெரியவில்லை. அவங்க அப்பாவுக்குக் கணக்கு நன்றாக வரும், ஆனால் கடலுக்குப் போய்விட்டு வந்து தூங்கும் மனிதரை எழுப்ப மனசு வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏர்வாடித் தம்பி

அக்கா, 2.4தான் சரி. எங்களுக்கு டியூசனில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், கடைசி இலக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வர வேண்டும், 5ம் அதற்கு மேலும் இருந்தால் முன்னால் உள்ளதில் ஒன்று கூட்ட வேண்டும். நான் அப்படிப் போட்டுத்தான் பாஸ் பண்ணினேன். டீச்சர் அவசரத்தில் திருத்தியிருப்பார், நோட்டை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

கீழக்கரை கணக்கு டீச்சர்

தம்பி, உங்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறை பெரும்பாலான எண்களில் சரியான விடையையே கொடுக்கும், அதனால்தான் தப்பென்று வெளியே தெரிவதில்லை. 2.345 அது மாட்டிக்கொள்ளும் எண். 2.3தான் சரி. இந்தப் பாடத்தைப் பல வருடம் நடத்தியிருக்கிறேன், வகுப்புக்கு நாலைந்து பிள்ளைகளாவது இதே இடத்தில்தான் விழுவார்கள்.

மண்டபம் அம்மா, விதியை ஒரு ஓரமாக வையுங்கள். உங்கள் வீட்டுப் பக்கத்திலேயே அந்தப் பாலம் இருக்கிறது, அதிலேயே நடந்து பார்ப்போம். 2.345 கி.மீ. என்றால் 2345 மீட்டர். 2.3 என்றால் 2300 மீட்டர், 2.4 என்றால் 2400 மீட்டர். மண்டபம் பக்கமிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2300ஆவது மீட்டரில் நின்றால் பாலம் முடிய இன்னும் 45 மீட்டர்தான் பாக்கி. 2400 மீட்டர் வேண்டுமென்றால் பாலம் முடிந்து, பாம்பன் கரையில் இறங்கி, அதற்குமேல் 55 மீட்டர் நடக்க வேண்டும். இப்போது அவளிடம் கேளுங்கள், பாலம் முடிகிற இடத்துக்கு எது பக்கம்? 45ஆ 55ஆ? 2300தான் பக்கம், அதனால் 2.3.

முழுமையாக்குவது என்றால் இவ்வளவுதான். எந்த எண் பக்கத்தில் இருக்கிறதோ அதை எழுதுகிறோம். "5ம் அதற்கு மேலும் இருந்தால் ஒன்று கூட்டு" என்பது அந்தப் பக்கத்தைச் சீக்கிரம் கண்டுபிடிக்க ஒரு வழி, அவ்வளவுதான், ஆனால் பிள்ளைகள் வழியை மட்டும் மனப்பாடம் செய்துவிட்டு எதற்காக அது என்பதை விட்டுவிடுகிறார்கள்.

மகள் செய்ததில் தப்பு எங்கே என்றால், 2.345ஐ 2.35 ஆக்கியபோது இல்லாத 5 மீட்டரைப் பாலத்தோடு சேர்த்துவிட்டாள். இரண்டாவது படியில் அவள் முழுமையாக்கியது பாம்பன் பாலத்தை இல்லை, 2350 மீட்டர் நீளமுள்ள வேறொரு பாலத்தை. அந்தப் பாலம் சரியாக நடுவில் நிற்கிறது, அதனால் மேலே போய்விட்டது. ஒருமுறை முழுமையாக்கிய எண்ணை மறுபடி முழுமையாக்கக் கூடாது, எப்போதும் கேள்வியில் கொடுத்த எண்ணுக்கே திரும்பிப் போக வேண்டும். ஒரு தசம இடம் கேட்டால் இரண்டாவது தசம இலக்கத்தை மட்டும் பார்க்க வேண்டும். 2.345இல் அது 4. நாலு, ஐந்தைவிடக் குறைவு, அதனால் 3 அப்படியே நிற்கும். அதற்குப் பின்னால் 5 இருந்தாலும் சரி 9 இருந்தாலும் சரி, 2.349999 ஆக இருந்தாலும் அது 2.35ஐத் தொடவில்லை.

நோட்டில் செய்ய ஒரு வழி சொல்கிறேன். கேட்ட இடத்துக்கு அடியில் பென்சிலால் ஒரு கோடு போடச் சொல்லுங்கள், அதற்கு அடுத்த இலக்கத்தைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்கு அந்தப் பக்கம் இருப்பதைக் கையால் மூடிக்கொள்ளட்டும். என் வகுப்பில் மூடின கையை எடுக்காமலே விடை எழுத வைப்பேன்.

4.96க்கு: அதை ரூபாயாக மாற்றிச் சொல்லுங்கள். 4 ரூபாய் 96 பைசா. அவள் எழுதிய 4.10 என்பது 4 ரூபாய் 10 பைசா. 96 பைசாவுக்குப் பக்கத்தில் இருப்பது பத்துப் பைசாவா என்று கேட்டால் அவளே சிரித்துவிடுவாள். 4.90க்கு அடுத்த பத்துப் பைசா 5.00 ரூபாய். 9ஓடு ஒன்று கூட்டினால் பத்து வருகிறது என்று அவள் சொல்வது சரிதான், ஆனால் ஒரு இடத்தில் ஒரு இலக்கம்தான் உட்காரும், கூட்டலில் செய்வது போல அந்த ஒன்றை இடது பக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். விடை 5.0.

அந்தப் பூஜ்ஜியத்தை விடக் கூடாது. 5.0 என்று எழுதினால் உண்மையான அளவு 4.95க்கும் 5.05க்கும் நடுவில் இருக்கிறது என்று பொருள். வெறும் 5 என்றால் 4.5இலிருந்து 5.5 வரை எதுவாகவும் இருக்கலாம். எவ்வளவு கவனமாக அளந்தோம் என்பதை அந்தப் பூஜ்ஜியம்தான் சொல்கிறது.

ஏர்வாடித் தம்பி

டீச்சர், 45, 55 என்று போட்டுப் பார்த்தேன், புரிந்துவிட்டது. இத்தனை வருடம் தப்பாகவே வைத்திருந்தேன். அக்கா, நான் முதலில் சொன்னதை விட்டுவிடுங்கள், நோட்டில் திருத்தியதுதான் சரி.

நண்டு எடைக் கணக்கு

நானும் ஒன்று சொல்லலாமா. நான் தேவிபட்டினம் பக்கம் நண்டு வாங்கும் ஒரு இடத்தில் எடை எழுதும் வேலையில் இருந்தேன். எலக்ட்ரானிக் தராசு மூன்று தசம இடம் காட்டும், ஆனால் நோட்டில் ஒரு இடம்தான் எழுதச் சொல்வார்கள். அதுவும் முழுமையாக்கி இல்லை, மிச்சத்தை வெட்டிவிட்டு. 2.780 கிலோ இருந்தால் 2.7. பக்கத்து எண் 2.8தானே என்று கேட்டதற்கு, எப்போதும் இப்படித்தான் எழுதுவது என்று பதில் வந்தது.

ஒரு நாள் ஒரு அக்கா கொண்டுவந்த ஆறு எடையை வீட்டில் வந்து கூட்டிப் பார்த்தேன். 2.780, 3.140, 1.965, 2.430, 3.890, 2.255. தராசு காட்டியபடி மொத்தம் 16.460 கிலோ. வெட்டி எழுதினால் 2.7, 3.1, 1.9, 2.4, 3.8, 2.2, மொத்தம் 16.1. சரியாக முழுமையாக்கினால் 2.8, 3.1, 2.0, 2.4, 3.9, 2.3, மொத்தம் 16.5. முழுமையாக்கினால் 40 கிராம்தான் வித்தியாசம், ஏனென்றால் ஒன்று மேலே போனால் இன்னொன்று கீழே வருகிறது. வெட்டினால் எல்லாமே ஒரே பக்கம் போகிறது, 360 கிராம் காணாமல் போகிறது. கிலோ 400 ரூபாய் என்று வைத்தால் அந்த ஒரு நாளில் 144 ரூபாய். விடியற்காலையில் வலையிலிருந்து ஒவ்வொரு நண்டாகக் கால் ஒடியாமல் கழற்றி எடுத்தவருடைய காசு அது. அந்த அக்காவுக்கு எண் படிக்கத் தெரியும், தராசில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டேதான் நிற்பார், ஆனால் கடைசி இரண்டு இலக்கத்துக்கு என்ன மதிப்பு என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அதனால் இந்தப் பாடத்தை உங்கள் மகள் நன்றாகப் படிக்கட்டும் அக்கா. மார்க்குக்காக மட்டும் சொல்லவில்லை.

தொண்டி டு துபாய்

மேலே நண்பர் சொன்னது பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. நான் சாப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் விடுவதில்லை. கனடாவில் வான்கூவர் பங்குச் சந்தை 1982 ஜனவரியில் ஒரு குறியீட்டை, அதாவது பங்கு விலைகள் மொத்தமாக ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் எண்ணை, 1000 புள்ளியில் தொடங்கியது. ஒவ்வொரு வியாபாரம் நடக்கும்போதும் கம்ப்யூட்டர் புது மதிப்பைக் கணக்கிட்டு, மூன்று தசம இடத்துக்குப் பின்னால் இருப்பதை முழுமையாக்காமல் வெட்டிவிட்டது. ஒரு தடவைக்குப் போவது ஒரு புள்ளியில் ஆயிரத்தில் ஒரு பங்கைவிடவும் குறைவு. ஆனால் அது ஒரு நாளில் ஆயிரக்கணக்கான தடவை நடந்தது, வெட்டிய எண்ணிலிருந்தே அடுத்த கணக்கும் தொடங்கியது. 1983 நவம்பரில் குறியீடு 524.811இல் நின்றது. சரியாகக் கணக்கிட்டுத் திருத்தியபோது 1098.892 வந்தது. பாதிக்குப் பாதி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பிள்ளைகள் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துக் குழம்புவார்கள். பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் 2.5ஐ முழுமையாக்கச் சொன்னால் 3 வராது, 2 வரும். 3.5க்கு 4 வரும். சரியாக நடுவில் நிற்கும் எண்ணை இரட்டைப்படை எண்ணின் பக்கம் தள்ளும் முறை அது. எக்செல்லில் போட்டால் பள்ளியில் சொல்வது போல 3 வரும். ஏழாம் வகுப்புக்குப் பள்ளி முறை போதும்.

மண்டபம் அம்மா

டீச்சருக்கும் தம்பிகளுக்கும் ரொம்ப நன்றி. சாயங்காலம் அவளைப் பாலம் ஏறும் இடத்துக்கே கூட்டிக்கொண்டு போனேன். முழுக்க நடக்கவில்லை, காற்று தூக்கிக்கொண்டு போனது, ஆனால் ஐம்பத்தைந்து மீட்டர் எவ்வளவு இருக்கும் என்று அடி வைத்து எண்ணிப் பார்த்தோம். திரும்பி வரும்போது அவளே, "அம்மா, 2.4 என்று எழுதினால் பாலம் ரோட்டுக்கு மேலேயும் போகும்" என்றாள்.

அப்புறம் அவங்க அப்பா எழுந்ததும் அவரிடமும் சொன்னாள். அவர், நாங்கள் கடலில் ஆழம் பார்க்கும்போது ஏழு பாகம், எட்டுப் பாகம் (பாகம் என்பது ஆழத்தை அளக்கும் அளவு) என்றுதானே சொல்கிறோம், ஏழே கால் என்று யார் சொல்கிறார் என்றார். ஆனால் கரை ஒட்டிப் போகும்போது, பாறை இருக்கும் இடத்தில், அரைப் பாகம்கூடப் பார்ப்பார்களாம்.

இப்போது மகள் ஒரு கேள்வி கேட்கிறாள், எனக்குப் பதில் தெரியவில்லை. பாலம் சரியாக 2350 மீட்டர் இருந்தால் இந்தப் பக்கமும் 50, அந்தப் பக்கமும் 50. இரண்டும் ஒரே தூரம். அப்புறம் எதற்கு 2.4 என்று எழுத வேண்டும், 2.3 என்று எழுதினால் என்ன?

கீழக்கரை கணக்கு டீச்சர்

ரொம்ப நல்ல கேள்வி, இதைக் கேட்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்துவிட்டது. அவள் சொல்வது சரி, இரண்டும் ஒரே தூரம்தான். எந்தப் பக்கம் போனாலும் கணக்குப்படி குற்றமில்லை, ஆனால் வகுப்பில் பாதிப் பேர் மேலேயும் பாதிப் பேர் கீழேயும் எழுதினால் விடை ஒத்துப்போகாது, அதனால் நடுவில் நின்றால் மேலே போவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். தொண்டிக்காரர் சொன்ன பைத்தான் வேறு வழக்கம் வைத்திருக்கிறது, அதுவும் குற்றமில்லை. இந்த வழக்கத்தில் ஒரு வசதியும் உண்டு. 2.35 என்று தொடங்கினாலே, பின்னால் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மேலே போய்விடலாம். 2.351, 2.358 எல்லாம் எப்படியும் 2.4க்குத்தான் பக்கம், மிச்சமிருப்பது சரியாக 2.35 ஒன்றுதான், அதையும் அவற்றோடு சேர்த்துக்கொண்டோம்.

அப்பா சொன்ன பாகத்தை வைத்தே ஒரு கணக்கு தருகிறேன். கப்பல்காரர்கள் கணக்கில் ஒரு பாகம் ஆறு அடி, 1.8288 மீட்டர். இதை ஒன்று, இரண்டு, மூன்று தசம இடத்துக்குத் தனித்தனியாக எழுதட்டும், ஒவ்வொரு தடவையும் 1.8288இலிருந்தே தொடங்க வேண்டும். பிறகு 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், 2.065 கி.மீ., இரண்டு இடத்துக்கும் ஒரு இடத்துக்கும். கடைசியாக 2.997, இரண்டு இடத்துக்கு.

அதோடு இதையும் கேளுங்கள்: அப்பாவின் போட்டுக்கு 7.2 ஐஸ் கட்டி வேண்டும் என்றால் எத்தனை வாங்க வேண்டும்?

மண்டபம் அம்மா

1.8, 1.83, 1.829. ரயில் பாலம் 2.07, 2.1. கடைசிக்கு 3.00 என்று இரண்டு பூஜ்ஜியமும் போட்டு எழுதியிருக்கிறாள். ஐஸுக்கு 7 என்று எழுதிவிட்டு, அப்பாவைப் பார்த்துவிட்டு, அடித்து 8 என்று எழுதினாள். ஏன் என்று கேட்டேன். ஏழு வாங்கினால் மீன் கெட்டுப்போகும் என்றாள்.