பொருள்: உமிழ்நீரில் எதிர்ப்பொருள் 'அளவு' – செறிவா, சுரப்பு வீதமா?

எல்லாருக்கும் வணக்கம், கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். நாம் தயாரிக்கும் நீரிழிவுக் கையேட்டின் கலைச்சொற்கள் பற்றிக் குழுவில் நடக்கும் பேச்சுக்கு இது என் பதில்.

எதிர்ப்பொருள் (கிருமிகளை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் புரதம்) என்ற சொல் அப்படியே இருக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. 'அளவு' என்பதில்தான் சிக்கல். நீரிழிவுக் கையேட்டில் இரத்தத்துக்கும் உமிழ்நீருக்கும் இந்த ஒரே சொல்லைப் போட்டிருக்கிறோம். இரத்தத்துக்குச் சரி, ஒரு டெசிலிட்டரில் ஐஜிஜி, ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகைகள் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் போதும். உமிழ்நீர் அப்படியில்லை. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் அடிக்கடி சிறுநீர் போய் உடம்பில் நீர் குறைகிறது, நாளடைவில் சுரப்பியை இயக்கும் நரம்புகளும் கெடலாம், வாய் வறண்டுவிடுகிறது.

சோதனையில் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். தலையைக் குனிந்து, எதையும் மெல்லாமல், விழுங்காமல், வாயில் ஊறுவதை ஐந்து நிமிடம் குழாயில் வடியவிடச் சொல்கிறார்கள். நலமாக இருப்பவருக்கு நிமிடத்துக்குச் சுமார் 0.3 மில்லிலிட்டர் ஊறும், 0.1-க்குக் கீழே போனால் குறைபாடு. ஒருவருக்கு ஊறுவது 0.3-லிருந்து 0.1 ஆகி, ஒவ்வொரு சொட்டிலும் ஐஜிஏ இரண்டு மடங்கானது என்று வையுங்கள். அப்போதும் வாய்க்கு நிமிடந்தோறும் வந்து சேர்வது முன்பிருந்ததில் மூன்றில் இரண்டு பங்குதான்! செறிவைப் பார்த்தவர் கூடியது என்பார், நிமிடக் கணக்குப் பார்த்தவர் குறைந்தது என்பார். நீரிழிவில் எச்சில் ஐஜிஏ கூடுகிறதா குறைகிறதா என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததற்கு இதுவும் ஒரு காரணம்.

எச்சில் ஊறும் வேகத்துக்குப் பினாங்கு ஐயா சொன்ன 'உமிழ்வீதம்' சுருக்கமானதுதான், ஆனால் உமிழ்வு என்றாலே இப்போது கரிம உமிழ்வு, புகை என்றுதான் மனசு போகிறது, தவிர இங்கே யாரும் உமிழவில்லை. வாயில் எச்சில் 'ஊறுகிறது' என்றுதானே பேசுகிறோம்? அதனால் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் என்பது ஊறல் வீதம். அதைச் செறிவால் பெருக்கினால் வருவது ஐஜிஏ சுரப்பு வீதம்.

அப்புறம், அக்கா எழுதிய 'உமிழ்நீர் ஐஜிஏ' வேண்டாமே. கண்ணீர், தாய்ப்பால், குடல் எல்லாவற்றிலும் இருப்பது, இரண்டிரண்டாக இணைந்த இதே இரட்டை ஐஜிஏதான், சுரப்பு ஐஜிஏ என்றால் எல்லா இடத்துக்கும் பொருந்தும். வாயில் இருப்பதில் பெரும்பகுதி சுரப்பியிலேயே உருவாவது, இரத்தத்திலிருந்து கசிவது கொஞ்சம்தான். அதனால் இரத்தத்தில் ஐஜிஏ கூடினால் வாயிலும் கூடும் என்று நினைத்துவிட முடியாது. இந்த வரியைக் கையேட்டில் கட்டாயம் சேர்க்க வேண்டும்.

2019 தேசியக் கணக்கெடுப்பில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கிளினிக்கில் எண்ணுக்குக் காத்திருக்கும்போது இதைப் படிக்கப்போவது அவர்கள்தான். ஆகவே உள்ளே நீரிழிவை இனிப்புநீர், உமிழ்நீரை எச்சில் என்றே எழுதுவோம், இந்தக் கலைச்சொற்கள் பின்பக்கப் பட்டியலில் இருக்கட்டும். 'ஊறல் வீதம்' பிடிக்காதவர்கள் வேறு சொல்லோடு வாருங்கள்.