பத்து ரூபாய் நோட்டு ஏன் சீக்கிரம் நைந்துபோகிறது?

மளிகைக்கடைக்காரர்:
வணக்கம். இரவில் கல்லாவை எண்ணும்போது பத்து, இருபது ரூபாய் நோட்டுகளில் பாதி கந்தல் துணிபோல் துவண்டிருக்கின்றன. நடு மடிப்பில் கிழிந்து செல்லோடேப் ஒட்டியவையும் கலந்திருக்கின்றன. ஐந்நூறு ரூபாய் நோட்டிலோ பின்புறம் 2017 என்று அச்சாகியிருந்தாலும் மொடமொடப்பு இன்னும் குறையவில்லை. இரண்டுக்கும் தாள் வேறா? ஒரு நோட்டு இத்தனை ஆண்டுதான் உழைக்கும் என்று ரிசர்வ் வங்கி கணக்கு ஏதும் சொல்லியிருக்கிறதா?

ஓய்வுபெற்ற காசாளர்:
ஐயா, தாளில் பெரிய வேறுபாடு கிடையாது. நம் நோட்டுகள் எல்லாமே மரக்கூழ் சேராத முழுப் பருத்தித் தாளில் அச்சாகின்றவை. புழக்கம்தான் வேறு. பத்து ரூபாய் நோட்டு நடத்துநரின் பையிலும், பூக்காரரின் ஈரக் கையிலும், வேட்டி மடிப்பிலுமாக ஒரே நாளில் பலமுறை கைமாறுகிறது. ஐந்நூறு ரூபாய் நோட்டு ஏடிஎம்மிலிருந்து பர்சுக்கும், பர்சிலிருந்து பீரோவுக்கும் போய்ப் பெரும்பாலும் மடங்காமல் கிடக்கிறது.

ஆயுள் கணக்கைப் பொறுத்தவரை, 2023 மே 19 அன்று இரண்டாயிரம் ரூபாய் நோட்டுகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தபோது, அவற்றில் ஏறத்தாழ 89 சதவீதம் 2017 மார்ச்சுக்கு முன் வெளியிடப்பட்டவை என்றும், அவை 4 முதல் 5 ஆண்டுகள் என மதிப்பிடப்பட்ட ஆயுளின் முடிவில் இருப்பதாகவும் ரிசர்வ் வங்கியே தெரிவித்தது. இது மதிப்பீடு மட்டுமே. ஆண்டு கடந்ததால் எந்த நோட்டும் செல்லாமல் போவதில்லை. வங்கிக்குத் திரும்பி வரும் நோட்டை இயந்திரம் பார்க்கிறது. அழுக்கு, துவளல், மடிந்த மூலை, ஓட்டை, கறை, கிறுக்கல், ஒட்டுப்போட்ட இடம் ஆகியவை அளவு மீறியிருந்தால் அதை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கப்பட்டவை ரிசர்வ் வங்கி அலுவலகங்களில் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டு, கட்டிகளாக அழுத்தப்படுகின்றன.

ஆயுளைக் குறைத்ததில் எங்களுக்கும் பங்குண்டு. முன்பெல்லாம் நூறு நோட்டுக் கட்டைப் பெரிய பின் அடித்தே கொடுப்போம். அதைப் பிடுங்கும்போதெல்லாம் நோட்டில் துளை விழும், சில வேளை ஓரமே கிழிந்து வரும். 2001இல் ரிசர்வ் வங்கி அதற்குத் தடை விதித்துக் காகிதப் பட்டை சுற்றச் சொன்ன பிறகுதான் அந்த வழக்கம் படிப்படியாக ஒழிந்தது.

அமெரிக்கவாசி:
இங்கும் மதிப்புக்கேற்ப ஆயுள் மாறுகிறது. இந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் வெளியிட்ட மதிப்பீடு ஒன்றில் 5 டாலர் நோட்டுக்கு 4.7 ஆண்டும், 100 டாலர் நோட்டுக்கு 22.9 ஆண்டும் குறிக்கப்பட்டிருந்தன. நூறு டாலரைப் பலரும் சேமிப்பாகப் பூட்டி வைத்துவிடுவதே காரணம். விந்தை என்னவென்றால் 1 டாலர் நோட்டுக்கு 6.6 ஆண்டு, அதாவது 5 டாலரைவிடக் கூடுதல். ஆகவே சிறிய நோட்டு என்றாலே முதலில் போய்விடும் என்றும் சொல்லிவிட முடியாது.

நாணயச் சேகரிப்பாளர்:
ஆஸ்திரேலியா 1988இல் பிளாஸ்டிக் நோட்டைத் தொடங்கி, 1996க்குள் எல்லா மதிப்பையும் அதற்கே மாற்றிவிட்டது. நம் நாட்டிலும் நூறு கோடி பத்து ரூபாய் பிளாஸ்டிக் நோட்டுகளைக் கொச்சி, மைசூரு, ஜெய்ப்பூர், சிம்லா, புவனேஸ்வர் ஆகிய ஐந்து நகரங்களில் சோதித்துப் பார்க்கப்போவதாக 2014இல் நாடாளுமன்றத்தில் அரசு கூறியது. வெயிலும் குளிரும் ஈரமும் வெவ்வேறாக உள்ள ஊர்களாகப் பார்த்துத் தேர்ந்திருந்தார்கள். ஆனால் நம் கல்லாவுக்கு வந்துகொண்டிருப்பது இன்னமும் பருத்தி நோட்டுதான்.

மளிகைக்கடைக்காரர்:
அனைவருக்கும் நன்றி. டேப் ஒட்டியவற்றை என்ன செய்வது? வாடிக்கையாளர்கள் வாங்க மறுக்கிறார்கள்.

ஓய்வுபெற்ற காசாளர்:
எந்த வங்கிக் கிளையிலும் மாற்றலாம், கணக்கு இருக்க வேண்டியதில்லை. இருபது ரூபாய் வரையிலான நோட்டில் மிகப்பெரிய துண்டு பாதிக்கு மேல் இருந்தால் முழுத் தொகையும் கிடைக்கும். ஐம்பதும் அதற்கு மேலும் என்றால், 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை, 40 முதல் 80 வரை பாதித் தொகை. அழுக்கு நோட்டுகளை ஒரு நாளைக்கு 20 வரை, மொத்தம் 5,000 ரூபாய்க்கு மிகாமல் கட்டணமின்றி மாற்றித் தருவார்கள். கூட்டம் குறைந்த பிற்பகல் நேரத்தில் போங்கள்.