விடுமுறைக் காதல் கதையில் குடும்பம் நுழைந்ததும் காதல் ஏன் பின்னுக்குப் போகிறது?

பின்னிரவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். ஆண்டிறுதி விடுமுறையின் பத்து நாட்களில் இரண்டு ஆண்களுக்கிடையே அரும்பும் காதலை வைத்துக் குறுநாவல் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒருவன் தன் வீட்டாரோடு பேச்சற்றுப் போய் ஆறு ஆண்டுகளாகப் பண்டிகை நாட்களை வாடகை அறையில் தனியே கழிப்பவன். மற்றவன் அவனோடு வேலை பார்ப்பவன். "இந்த முறை எங்கள் வீட்டுக்கு வந்துவிடு" என்று அழைத்துப் போகிறான். முதல் ஐந்து அத்தியாயங்கள் தடங்கலின்றி வந்துவிட்டன. ஆனால் வீட்டு வாசலைத் தாண்டியதும் அம்மா, அக்கா, அக்காவின் பிள்ளைகள், பாட்டி என எல்லோரும் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். காதலர் இருவரும் தங்கள் சொந்தக் கதையிலேயே விருந்தாளிகளைப் போல ஓரமாக நிற்கிறார்கள்.

கையெழுத்துப்படியைப் படித்த நண்பர்களில் ஒருவர், இது காதல் கதையா குடும்பக் கதையா என்று கேட்டார். இன்னொருவர், முதலாமவனின் தந்தை கடைசியில் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்டால்தான் கதை நிறைவடையும் என்றார். அந்தக் காட்சியை மூன்று முறை எழுதி மூன்று முறையும் அழித்துவிட்டேன். காதலும் குடும்பமும் ஒன்றையொன்று விழுங்காமல் இருக்க என்ன செய்யலாம்? தந்தையின் அழைப்பு தேவைதானா?

---

ஓரப்பக்கம் எழுதியது:

உங்கள் நண்பர் கேட்ட கேள்விக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது. தன்பாலீர்ப்புக் காதலை நல்ல முடிவோடு எழுதத் துணிந்த பழைய நாவல்களில் அந்த முடிவுக்கான விலையைப் பெரும்பாலும் குடும்பமே கொடுத்தது. இ. எம். ஃபார்ஸ்டர் 'மாரிஸ்' நாவலை 1913–14இல் எழுதினார். இன்பமான முடிவு இருந்தே தீரவேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார். ஆனால் நாவல் அச்சேறியது அவர் மறைந்த பிறகு, 1971இல்தான். அதில் காதலர்கள் சேர்கிறார்கள். சேர்வதற்காக வீடு, வேலை, தம் வர்க்கம் என அனைத்தையும் துறக்கிறார்கள். பெட்ரீஷியா ஹைஸ்மித் 1952இல் புனைபெயரில் வெளியிட்ட 'தி பிரைஸ் ஆஃப் சால்ட்' பெண்களின் காதல் கதை என்றாலும், உங்கள் கதையைப் போலவே பண்டிகைக் காலத்தில், கிறிஸ்துமஸ் கூட்டம் அலைமோதும் ஒரு பேரங்காடியின் பொம்மைப் பிரிவில் தொடங்குகிறது. அதிலும் காதல் கைகூடுகிறது. ஆனால் மூத்தவள் தன் மகளை வளர்க்கும் உரிமையை இழக்கிறாள்.

ஆகவே இன்றைய விடுமுறைக் காதல் கதை செய்வது சிறிய வேலை அன்று. பழைய கதைகள் எந்த வீட்டை விட்டு வெளியேறினவோ, அந்த வீட்டுக்கே காதலைத் திரும்ப அழைத்து வருகிறது. இதிலும் சில ஆண்டுகளுக்குள்ளேயே மாற்றம் தெரிகிறது. 2020இல் வந்த 'ஹாப்பியஸ்ட் சீசன்' படத்தில், பெற்றோரிடம் உண்மையைச் சொல்லாத மகள் தன் காதலியை அறைத்தோழி என்று சொல்லி வீட்டுக்கு அழைத்து வருகிறாள்; மறைப்பதும் அது வெளிப்படுவதும்தான் கதை. அடுத்த ஆண்டே வந்த 'சிங்கிள் ஆல் த வே' படத்தில் மகன் தன்பாலீர்ப்பு உள்ளவன் என்பது வீட்டுக்கே தெரியும். அவனை யாரோடு சேர்த்து வைப்பது என்பதில்தான் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் போட்டி. உங்கள் குறுநாவல் இந்த இரண்டில் எதன் பக்கம் நிற்கிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பாட்டியும் அக்காவும் இவ்வளவு பேசுகிறார்கள் என்றால், அவர்களிடமிருந்து மறைப்பதற்குக் கதையில் எதுவும் இல்லை என்று ஊகிக்கிறேன். அப்படியானால் தடை வீட்டாரிடம் இல்லை. தனக்கு அந்த வீட்டில் இடம் உண்டு என்று நம்ப மறுக்கும் உங்கள் நாயகனிடம்தான் இருக்கிறது.

---

இரண்டாம் சாவி எழுதியது:

மேலே எழுதியவர் கடைசி வரியில் சொன்னதை நான் வாழ்ந்து பார்த்தவன் என்பதால் எழுதுகிறேன். என் துணைவரின் வீட்டுக்கு நான் முதன்முறை சென்றது ஒரு விடுமுறையில்தான். முதல் மூன்று நாட்களும் அவர்கள் குடும்பமாகப் படம் எடுக்கும்போதெல்லாம் நானே முந்திக்கொண்டு கைபேசியை வாங்கி, எல்லோரையும் நெருங்கி நிற்கச் சொல்லிப் படம் எடுத்துக் கொடுத்தேன். யாரும் என்னை விலக்கவில்லை. விலக்கிவிடுவார்களோ என்ற அச்சத்தில் நானே விலகி நிற்க ஒரு வேலையைத் தேடிக்கொண்டேன். அவருடைய தந்தை அதிகம் பேசாதவர். நான்காம் நாள் இரவு உறங்கப் போகும்முன், பின்கதவின் சாவியை மேசைமேல் என் பக்கமாக நகர்த்தி, "விடியற்காலையில் நீங்கள்தான் முதலில் எழுந்து நடக்கப் போகிறீர்கள், திறந்துகொள்ளுங்கள், தாழ்ப்பாள் கொஞ்சம் இறுகும், மேலே தூக்கி இழுக்க வேண்டும்" என்றார். அவ்வளவுதான். நான் அதிகாலையில் எழுவதை அவர் கவனித்திருக்கிறார் என்பது மாடிப்படி ஏறும்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றிரவு என் துணைவரிடம் அந்தச் சாவியைக் காட்டியபோது அவர் சிரித்தார், நான் அழுதேன்.

உங்கள் கேள்விக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சாவியைக் கொடுத்தவர் தந்தை. ஆனால் அதை நான் கொண்டுபோய்க் காட்டியது துணைவரிடம். வீட்டார் செய்யும் ஒவ்வொன்றும் காதலர் இருவருக்கிடையே ஒரு பேச்சாகவோ, சண்டையாகவோ, ஒரு மௌனமாகவோ வந்து முடிந்தால் குடும்பம் காதலை விழுங்காது. பாட்டி எவ்வளவு வேண்டுமானாலும் பேசட்டும். அந்தப் பேச்சு அன்றிரவு அந்த இருவரிடம் என்னவாக மாறுகிறது என்பதை எழுதுங்கள்.

---

கறார் வாசகி எழுதியது:

தந்தையின் மன்னிப்பு அழைப்பை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ஆறு ஆண்டுகள் பேசாதிருந்த ஒரு மனிதர் பண்டிகை நாளன்று, அதுவும் கடைசி அத்தியாயத்தில், நான்கு வரியில் திருந்துவது உங்கள் நாயகன் பட்ட ஆறு ஆண்டுகளையும் மலிவாக்கிவிடும். காதல் கதை என்றால் நம்பிக்கை தரும் முடிவு வேண்டும் என்பது இவ்வகைக் கதைகளின் எழுதப்பட்ட விதி. அமெரிக்கக் காதல் கதை எழுத்தாளர் சங்கமே தன் வரையறையில் அதைத்தான் சொன்னது. ஆனால் அந்த நம்பிக்கை காதலர்களுக்கானது. பெற்ற தந்தைக்கும் அதில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும் என்று எந்த வரையறையும் கேட்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பிறப்பால் வந்த உறவு கைவிட்டபோது நண்பர்களும் முன்னாள் காதலர்களும் சேர்ந்து அமைத்துக்கொண்ட குடும்பங்களைப் பற்றி கேத் வெஸ்டன் என்ற மானுடவியலாளர் சான் பிரான்சிஸ்கோவில் கள ஆய்வு செய்து, 1991இல் 'ஃபேமிலீஸ் வி சூஸ்' என்ற நூலை எழுதினார். தேர்ந்துகொண்ட குடும்பம் என்பது அசல் கிடைக்கும்வரை ஒப்பேற்றும் மாற்றுப் பொருள் அன்று. தந்தையின் அழைப்பைக் கடைசியில் வைத்தால், அதற்கு முன் அந்த வீட்டார் கொடுத்ததெல்லாம் தற்காலிக ஏற்பாடு என்று வாசகர் எண்ணிவிடுவார். அழைப்பு வேண்டுமென்றால் கதையின் நடுவில் வரட்டும், பாதி மனதோடு வரட்டும். அவன் அதை எடுக்காமலும் போகலாம்.

---

பின்னிரவு எழுதியது:

மூவருக்கும் நன்றி. அழைப்பை ஏழாம் அத்தியாயத்துக்கு நகர்த்திவிட்டேன். கைபேசி மேசைமேல் அதிர்கிறது, திரையில் "அப்பா" என்று வருகிறது, காதலன் அதைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அடுப்பை அணைத்துவிட்டு அருகில் வந்து உட்காருகிறான். எடுக்கிறானா இல்லையா என்பதை இன்னும் எழுதவில்லை. ஆனால் நான் பல வாரங்கள் எழுதிய பிறகு முதன்முறையாக இருவரும் ஒரே அறையில் தனியாக இருக்கிறார்கள்.

ஒரே ஒரு ஐயம்: பாட்டியின் வசனங்களைப் பாதியாகக் குறைக்கட்டுமா?

---

இரண்டாம் சாவி எழுதியது:

அக்காவின் பிள்ளைகளில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். பாட்டியைத் தொடாதீர்கள்.