பேப்பர் போட்ட கதைகள்

சென்னை ஐடி கம்பெனி வாசலில் "பேப்பர் போட்டுட்டேன்" என்று சொன்னால், ராஜினாமா செய்தாயிற்று என்று டீக்கடைக்காரருக்கும் புரியும். 'புட் டவுன் மை பேப்பர்ஸ்' என்ற இந்திய ஆங்கிலத்தின் தமிழ் வடிவம் அது. ஆனால் கடல் தாண்டினால் செல்லாது.

எங்கள் டீம் பையன் ஒருவன் டெக்சாஸ் கிளையண்ட்டோடு பேசும்போது இதையே ஆங்கிலத்தில் சொன்னான். அந்த அம்மா, "பரவாயில்லை, எடுத்துக்கொண்டு வா, காத்திருக்கிறேன்" என்றார்! ஏதோ காகிதத்தைக் கீழே வைத்துவிட்டான் என்று நினைத்திருக்கிறார். மேனேஜர் 'ரிசைன்' என்று விளக்கிய பிறகுதான் புரிந்தது. சரி, கடைசி நாள் எப்போது என்று கேட்டார். 90 நாள் கழித்து என்றதும் மறுபடி குழப்பம். அமெரிக்காவில் இரண்டு வாரம் முன்னால் சொல்வதுதான் வழக்கம், அதையும் பொதுவாகச் சட்டம் கேட்பதில்லை. வேலையை விட்டவனை எதற்கு மூன்று மாதம் வைத்திருக்கிறீர்கள் என்றார். நியாயமான கேள்வி. எங்கள் யாரிடமும் பதில் இல்லை.

*

எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. மாமா மத்திய அரசு அலுவலகத்தில் இருந்தவர், 20 வருஷ சர்வீஸ் முடித்து, மூன்று மாத நோட்டீஸ் கொடுத்து வி.ஆர்.எஸ். வாங்கினார். ஒரு கல்யாணப் பந்தியில் நான் பெருமையாக, "மாமாவும் பேப்பர் போட்டுட்டார்" என்று சொல்லிவிட, மனிதர் கையில் எடுத்த அப்பளத்தை அப்படியே வைத்துவிட்டார். "டேய், ராஜினாமா பண்ணினா பழைய சர்வீஸே போயிடும், பென்ஷன் கிடையாது. நான் வாங்கினது விருப்ப ஓய்வு. இன்னொரு தடவை அப்படிச் சொல்லாதே!"

அவர் கோபம் சரிதான். மத்திய அரசின் பழைய ஓய்வூதிய விதிகளில் இரண்டுக்கும் அவ்வளவு தூரம். தனியாரில் இந்த வித்தியாசமெல்லாம் யாருக்கும் தோன்றுவதில்லை.

*

பேப்பர் போட்டதோடு கதை முடியாது. வேலையிலிருந்து விடுவித்தோம் என்று பழைய கம்பெனி தரும் ரிலீவிங் லெட்டர் கையில் வராமல் என் தோழி புதிய இடத்தில் சேர முடியாமல் தவித்தாள். அப்புறம் பி.எஃப். கணக்கில் விலகிய தேதியைப் பழைய கம்பெனி பதியவே இல்லை. கடைசி சந்தா கட்டி இரண்டு மாதம் ஆனதும் யுஏஎன் (பி.எஃப். உறுப்பினர் எண்) தளத்தில் அவளே பதிந்துகொண்டாள்.