புதுப்பிப்பு: விலகும் தன்னார்வலரின் கணக்கிலிருந்த கோப்புகள் (தீர்ந்தது)

எங்கள் தொண்டு அமைப்பின் நன்கொடைப் பட்டியல், தன்னார்வலர் அட்டவணை எல்லாம் ஒருவரின் தனிப்பட்ட கூகுள் கணக்கில் இருந்தன, அவர் விலகப்போகிறார், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. வேலை முடிந்தது.

முதலில் கோப்புகளின் உரிமையை அமைப்பின் கணக்குக்கு மாற்ற முயன்றோம், முடியவில்லை. தனிக் கணக்கிலிருந்து அமைப்பின் கணக்குக்கு உரிமையை மாற்ற கூகுள் விடுவதில்லை. நகல் எடுக்கலாம்தான், ஆனால் நகலுக்குப் புது இணைப்பு வரும். பழைய இணைப்பு எத்தனை வாட்ஸ்அப் குழுக்களில் கிடக்கிறதோ!

பலித்தது பகிர்வு டிரைவ் (Shared drive) யோசனை. தொண்டு நிறுவனங்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் வொர்க்ஸ்பேஸ் என்ற அலுவலகச் சேவையில் அது உண்டு. அதில் கோப்பு தனி ஆளுக்குச் சொந்தமில்லை, அமைப்புக்குத்தான் சொந்தம். விலகும் தன்னார்வலரை அதில் உறுப்பினராகச் சேர்த்தோம், அவரே கோப்புகளை உள்ளே நகர்த்தினார். இணைப்புகள் மாறவில்லை.

எதிர்பாராதது ஒன்று: நகர்த்தியதும் சிலருக்குக் கோப்பு திறக்கவில்லை. யாருடன் கோப்பை நேரடியாகப் பகிர்ந்திருந்தோமோ அவர்களுக்கு அனுமதி அப்படியே இருந்தது. பழைய கோப்புறை வழியாக அனுமதி பெற்றவர்களுக்குத்தான் போய்விட்டது. அதனால் நகர்த்தும் முன்பே யார் யாருக்கு அனுமதி என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், பகிர்வு டிரைவில் புதிய தன்னார்வலர்களுக்குப் பங்களிப்பாளர் (Contributor) நிலையே போதும். திருத்தலாம், அழிக்க முடியாது. உறுப்பினர்களைச் சேர்க்கவும் நீக்கவும் முடிகிற மேலாளர் (Manager) நிலையை மட்டும் இரண்டு பேருக்காவது கொடுங்கள். ஒருவரிடமே இருந்தால் மறுபடியும் இதே கதைதான்.