எலும்புக்கு மேலே வைத்தாலும் உள்வைப்புதானா?

தே. எழுதியது, செவ்வாய் காலை:

குழும அன்பர்களுக்கு வணக்கம். ஒரு பல் மருத்துவமனைக்காக நோயாளர் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். யாருக்கு எந்த வகைப் பல் இம்ப்ளான்ட் (விழுந்த பல்லின் இடத்தில் செயற்கைப் பல்லைத் தாங்க வைப்பது) பொருந்தும் என்பதுதான் விஷயம். ‘உள்வைப்பு’ என்று போட்டு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தேன், வகைகள் வரும் பக்கத்தில் மாட்டிக்கொண்டேன்.

எண்டோஸ்டியல் என்பது தாடை எலும்பைத் துளைத்து உள்ளே திருகுவது. அது உள்வைப்பு, சரி. சப்பெரியோஸ்டியல் என்பது ஈறுக்கு அடியில், ஆனால் எலும்புக்கு மேலே உட்காரும் உலோகச் சட்டகம். இதை ‘எலும்பு மேல் உள்வைப்பு’ என்று எழுதினால் படிப்பவர் என்னைத்தான் திட்டுவார். அடுத்து சைகோமாட்டிக், கன்ன எலும்பில் போய் ஊன்றுவது. கடைசியாக மினி. கூடவே ஆசியோஇன்டெக்ரேஷனுக்கும், அதாவது வைத்த உலோகத்தோடு எலும்பு சேர்ந்துகொள்வதற்கும், ஒரு சொல் வேண்டும். கை கொடுங்கள்.

புலவர் மா. எழுதியது:

> ‘உள்வைப்பு’ என்று போட்டு நிம்மதியாக

நிம்மதி எப்படி வந்தது அம்மா? வைப்பு என்றால் வங்கியில் போடுவது. தமிழில் ‘நடு’ என்று உயிருள்ள வினை இருக்கிறது. நாற்று நடுகிறோம், கல் நடுகிறோம். நடுகல் போல நடுபல். முக்காலத்துக்கும் பொருந்தும் வினைத்தொகை. நட்ட பல், நடுகின்ற பல், நடும் பல். நோயாளி சிகிச்சையின் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் செல்லும். வினைத்தொகை ஆதலால் வல்லினம் மிகாது என்பதை அச்சகத்தாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள். ஒரு ப் சேர்ந்தால் ‘நடுப்பல்’ ஆகி முன்வரிசை நடுவில் இருக்கும் பல்லைக் குறிக்கும். சுடுகாடு, ஊறுகாய் எதிலாவது ஒற்று மிகுகிறதா, பாருங்கள்.

கு. எழுதியது:

ஐயா, நடுகல், சுடுகாடு என்று நீங்கள் அடுக்குவதைப் பார்த்தால் நோயாளி நாற்காலியில் ஏறவே மாட்டார். நடுகல் செத்தவருக்கு வைப்பது.

புலவர் மா. எழுதியது:

செத்தவருக்கு அல்ல, வீழ்ந்த வீரனுக்கு. வீழ்ந்த பல்லுக்கும் பொருந்தும். ஊறுகாயை ஏன் விட்டுவிட்டீர்கள்?

மருத்துவர் ச. எழுதியது:

நடுவே வருவதற்கு மன்னிக்கவும், அதுவும் நடுதான். நடுபல் அழகான சொல், ஆனால் தப்பு. நாங்கள் நடுவது பல்லை அல்ல. டைட்டேனியத் திருகு ஒன்றை எலும்புக்குள் வைக்கிறோம், அது வேருக்குப் பதில். அதன் மேல் இணைப்புத் தண்டு. அதற்கும் மேலேதான் பல், அதாவது கேப். வழக்கமான முறையில் திருகு வைத்து மூன்று முதல் ஆறு மாதம் பொறுத்துத்தான் நிலையான பல் மாட்டுவோம். “பல்லு வெக்கறேன்னு சொல்லிட்டு வெறும் ஸ்க்ரூ வெச்சு அனுப்பிட்டீங்களே” என்று கேட்பவர்கள் அடிக்கடி வருகிறார்கள். நடுபல் என்று அச்சடித்தால் அந்தச் சண்டையை நாமே வரவழைப்பதாகும்.

வகைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைப் பார்த்து யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. ஸ்கேனில் எலும்பின் உயரமும் அகலமும் பார்ப்போம். போதிய எலும்பு இருந்தால் எண்டோஸ்டியல்தான். இன்று பெரும்பாலோருக்கு வைப்பது இதுவே, தடிமன் சுமாராக 3.5 முதல் 5 மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மினி. கீழ்த்தாடை செட்டுப் பல் ஆடாமல் பிடித்துவைக்க அது உதவும், கடைவாய்ப் பல்லின் சுமையை அதன் தலையில் ஏற்ற யோசிப்போம். மேல்தாடையில் பின்பக்க எலும்பு கரைந்தவருக்கு எலும்பு ஒட்டு வைக்கலாம், அல்லது சைகோமாட்டிக் போடலாம். அது 30 மில்லிமீட்டருக்கு மேல் நீளம், 50-ஐத் தாண்டுவதும் உண்டு, வைக்கத் தனிப் பயிற்சி வேண்டும். சப்பெரியோஸ்டியல் இப்போது அபூர்வம். கட்டுப்படாத சர்க்கரை, சிகரெட், எலும்புத் தேய்மானத்துக்குச் சாப்பிடும் சில மாத்திரைகள் இதையெல்லாம் கேட்காமல் எதையும் வைப்பதில்லை. எல்லாவற்றுக்கும் எங்கே ஊன்றுகிறது என்பதுதான் அடிப்படை. சொல்லிலும் அது தெரிந்தால் போதும்.

வி. எழுதியது:

வேருக்குப் பதில் என்கிறார் மருத்துவர். திருகு ஆணி மாதிரி. அப்படியானால் ‘ஆணிவேர்’ ஏற்கெனவே கையில் இருக்கிறதே!

கு. எழுதியது:

நான் தாவரவியல் ஆசிரியர். ஆணிவேரைத் தொடாதீர்கள். பத்தாம் வகுப்புப் பையன் “ஆணிவேர் டைட்டேனியத்தால் ஆனது” என்று எழுதி வைப்பான்.

புலவர் மா. எழுதியது:

வேர் என்றதும் நினைவு வருகிறது. தகர நகரம் பிறக்கும் இடத்தைத் தொல்காப்பியர் பிறப்பியலில் சொல்லும்போது ‘பல்முதல்’ என்கிறார். முதல் என்றால் அடி, வேர். எனவே ‘செயற்கைப் பல்முதல்’.

வி. எழுதியது:

வாங்கும் கட்டணத்துக்கு ‘கைமுதல்’ இன்னும் பொருத்தம் ஐயா.

தே. எழுதியது, புதன் இரவு:

கைமுதலைக் கையேட்டில் போட்டால் எனக்குக் கூலி வராது. மருத்துவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ‘ஊன்று’ என்ற வினையில் முயன்றேன். எலும்பில் ஊன்றுவது, எலும்பின் மேல் ஊன்றுவது, கன்ன எலும்பில் ஊன்றுவது. மேல், உள் சண்டை போய்விடுகிறது. பொதுப்பெயர் ‘ஊன்றி’. சிறியது ‘சிற்றூன்றி’. சரியா?

புலவர் மா. எழுதியது:

ஊன்றி நல்ல சொல். ஆனால் கன்னம் எதற்கு? சங்கப் பாட்டில் ‘கவுள்’ இருக்கிறது. எலும்புக்கு ‘என்பு’. கவுளென்பு ஊன்றி.

கு. எழுதியது:

கவுள் என்றால் யானையின் கன்னமும்தானே, மதநீர் வழியுமே?

மருத்துவர் ச. எழுதியது:

என் நோயாளிகள் யாருக்கும் மதம் பிடித்திருக்கவில்லை. பில்லைப் பார்த்த பிறகு உறுதி சொல்ல முடியாது. கன்ன எலும்பே இருக்கட்டும் ஐயா.

ஆசியோஇன்டெக்ரேஷன் பற்றி யாரும் பேசவில்லை. ஸ்வீடனில் பெர்-இங்வார் பிரோனெமார்க் 1950-களில் முயலின் காலெலும்பில் டைட்டேனியக் கருவி ஒன்றை வைத்து இரத்த ஓட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வு முடிந்து கழற்றப் போனால் வரவில்லை, எலும்பு அதோடு சேர்ந்துவிட்டது. 1965-இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு அந்த முறையில் வைத்த ஊன்றிகள் அவர் 2006-இல் இறக்கும்வரை உழைத்தன. ‘எலும்பு ஒட்டு’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேறிடத்து எலும்பையோ எலும்புத் தூளையோ வைப்பதற்கு அந்தப் பெயர் வழக்கில் இருக்கிறது. இது எலும்பு தானாகப் போய்ப் பிடித்துக்கொள்வது.

வி. எழுதியது:

அப்போது ‘எலும்புப் பிடிப்பு’.

கு. எழுதியது:

இடுப்புப் பிடிப்பு, வாயுப் பிடிப்பு வரிசையில் சேர்ந்துவிடும். தைலம் கேட்பார்கள்.

புலவர் மா. எழுதியது:

இதற்கு வள்ளுவரே சொல் வைத்திருக்கிறார். அன்புடைமை அதிகாரம், 73-ஆம் குறள். ‘ஆருயிர்க்கு என்போடு இயைந்த தொடர்பு.’ பரிமேலழகர் ‘என்பு’ என்பதை உடம்புக்கு ஆகுபெயராகக் கொள்வார், அதை ஒரு பக்கம் வையுங்கள். எலும்போடு இயைவது என்ற தொடர் அங்கே அப்படியே கிடக்கிறது. என்பியைவு!

மருத்துவர் ச. எழுதியது:

ஐயா, இதற்குக் கை தட்டுகிறேன். ஆனால் என் நோயாளி இதை ‘என் பியைவு’ என்று பிரித்துப் படித்துவிட்டு, பியைவு என்றால் என்ன டாக்டர் என்பார். ‘எலும்பியைவு’ என்றால் தப்பிக்கலாம்.

புலவர் மா. எழுதியது:

குறளில் எலும்பு இல்லை.

தே. எழுதியது, வெள்ளி காலை:

அனைவருக்கும் நன்றி. அனுப்பிவிட்டேன். கடைசியில் போனது இது: தலைப்பில் ‘பல் இம்ப்ளான்ட்’, ஏனென்றால் மருத்துவமனைக்காரர்கள் பலகையில் இருக்கும் சொல்லை விடமாட்டோம் என்றார்கள். உள்ளே ‘எலும்பில் ஊன்றுவது’, ‘எலும்பின் மேல் ஊன்றுவது’, ‘கன்ன எலும்பில் ஊன்றுவது’, ‘சிறு ஊன்றி’. மூன்று முதல் ஆறு மாதக் காத்திருப்பைச் சொல்லும் இடத்தில் ‘எலும்பு திருகை இறுகப் பற்றிக்கொள்ளும்’ என்று வாக்கியமாகவே எழுதி, பக்கத்தில் ‘எலும்பியைவு’ சேர்த்திருக்கிறேன். குழுமத்தில் நான்கு பேர் சரி என்றீர்கள், இருவர் பதில் போடவில்லை, அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

புலவர் மா. எழுதியது:

நான் சம்மதிக்கவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். மேலும் ‘ஊன்றி’ பற்றி நேற்றிரவு ஓர் ஐயம் எழுந்தது. ஊன் என்றால் தசை. ஊன்று என்பதே ஊனில் பதிவதிலிருந்து வந்திருக்குமோ? அப்படியானால் எலும்பில் பதிவதற்கு அது பொருந்துமா? தனி இழையாகத் தொடங்குகிறேன்.