லினக்ஸ் மிண்டில் பழைய ஃபிளாஷ் விளையாட்டை ஓட்ட வழி உண்டா?

கூட்ஸ்வண்டி:
வணக்கம். 2012-இல் கல்லூரி விடுதியில் நானும் அறைத்தோழனும் முறைவைத்து ஆடிய ரயில் தடம் மாற்றும் விளையாட்டு ஒன்று பழைய ஹார்டு டிஸ்கில் அகப்பட்டது. உலாவிக்குள் ஓடும் ஃபிளாஷ் விளையாட்டுகளுக்கான எஸ்டபிள்யூஎஃப் கோப்பு, 4 எம்பிகூட இல்லை. 41-ஆம் கட்டம்வரை வந்திருந்த சேமிப்புக் கோப்பும் கூடவே கிடைத்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியில் இழுத்துப் போட்டால் தரவிறக்கட்டுமா என்று கேட்கிறது. அதன் 52-ஆம் பதிப்பையும் பழைய ஃபிளாஷ் செருகுநிரலையும் தேடிப்பிடித்து நிறுவினால், விளையாட்டு வர வேண்டிய இடத்தில் வட்டத்துக்குள் ஓர் ஆங்கில 'ஐ' நிற்கிறது. கணினிக் கடிகாரத்தை 2019-க்குத் திருப்பினால் ஓடுகிறது, ஆனால் வேறு எந்தத் தளமும் திறப்பதில்லை!

பெங்குவின்தாத்தா:
முதலில் கடிகாரத்தைச் சரிசெய்யுங்கள், தம்பி. ஃபிளாஷின் நிறுவனமான அடோபி 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கு முழுக்குப் போட்டது. 2021 ஜனவரி 12 முதல் ஓட மறுக்கும்படி கடைசிப் பதிப்புகளுக்குள்ளேயே எழுதியும் வைத்துவிட்டது. பழைய உலாவியோடு இணையத்தில் உலவுவது தாழ்ப்பாள் போடாமல் தூங்குவது போல. அதை நீக்கிவிட்டு, ஃபிளாஷ் இல்லாமலே ஃபிளாஷ் கோப்புகளை ஓட்டும் ரஃபிளை நிறுவுங்கள். பைப்லைட் போடச் சொல்லும் பக்கங்களைக் கண்டால் தாண்டிப் போங்கள். விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் துணையோடு சில்வர்லைட், யூனிட்டி வெப் பிளேயர் ஆகிய உலாவிச் செருகுநிரல்களை ஓட்டியது அது. நானும் நாள்கணக்கில் அதோடு மாரடித்தவன்தான். 2017 மார்ச்சில் ஃபிளாஷ் அல்லாத செருகுநிரல்களுக்கு ஃபயர்பாக்ஸ் கதவைச் சாத்தியது, கதை முடிந்தது.

கூட்ஸ்வண்டி:
ரஃபிளில் முகப்பும் இசையும் வந்தன. இரண்டாம் கட்டத்தில் என்ஜின் நகர மறுக்கிறது. சேமிப்பையும் கண்டுகொள்ளவில்லை.

நள்ளிரவு_டெர்மினல்:
ஃபிளாஷின் நிரல்மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டின் 3-ஆம் பதிப்பில் எழுதியதாக இருக்கும். அதற்கு முந்தைய இரண்டும் ரஃபிளுக்கு நன்றாகவே கைவரும். மூன்றாவதில் அங்கங்கே இடறும். அடோபியின் தனி இயக்கியான 'புரொஜெக்டர்' லினக்ஸுக்கும் உண்டு. உலாவி வேண்டாம், தேதிப் பூட்டும் கிடையாது. ஜிடிகே 2 நூலகம் கேட்கும், போட்டுவிடுங்கள். ஆடும்போது வைஃபையை அணைத்துவிடுவது நல்லது.

சேமிப்புதான் சுவாரசியமான சங்கதி. விளையாட்டு எந்தத் தளத்திலிருந்து ஓடியதோ, அந்தத் தளத்தின் பெயரிலுள்ள கோப்புறையில்தான் ஃபிளாஷ் சேமிக்கும். இப்போது வட்டிலிருந்து திறப்பதால் 'லோக்கல்ஹோஸ்ட்' கோப்புறையைத் தேடுகிறது. அதனால் ஒரு கட்டம் புதிதாக ஆடிவிட்டு மூடுங்கள். உங்கள் முகப்புக் கோப்புறையில் கண்ட்ரோலும் எச்-உம் சேர்த்து அழுத்தினால், புள்ளியில் தொடங்கும் 'மேக்ரோமீடியா' கோப்புறை தென்படும். உள்ளே போய்க்கொண்டே இருங்கள். எஸ்ஓஎல் என்று முடியும் புதுக் கோப்பு கிடைக்கும். அதே பெயருள்ள பழைய கோப்பை அதன்மேல் ஒட்டுங்கள். பிறகு விளையாட்டுக் கோப்பை இடம் மாற்றாதீர்கள். அது இருக்கும் பாதையையும் சேர்த்துத்தான் ஃபிளாஷ் கணக்கு வைக்கிறது.

கூட்ஸ்வண்டி:
41-ஆம் கட்டம் திறந்துவிட்டது! ஒலி கொஞ்சம் கரகரக்கிறது, போகட்டும். அறைத்தோழனுக்குத் திரையைப் படம்பிடித்து அனுப்பினேன். 'மூன்றாவது தடத்தைத் தொடாதே' என்று உடனே பதில் வந்தது.